கெட்டி மேளத்தில் போன வார்த்தை

ஜூன் 22, 2025 – ஞாயிறு

மொட்டை மாடியில் ஒத்திகை. மூன்றாவது வரிக்கே கீழ்வீட்டு அம்மா படியேறி வந்துவிட்டார். "யாருக்கு என்னம்மா ஆச்சு? ஏன் இப்படிக் கத்தறீங்க?" கவிதை சொல்கிறோம் என்றேன். "கவிதையா? அதை உக்காந்து படிக்கக் கூடாதா?" என்று கேட்டார். அதே நேரம் சபீனா தரையில் குப்புறக் கிடந்து என் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா அவளைப் பார்த்த பார்வையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

உட்கார்ந்து படிக்கவா இவ்வளவு பாடு? கவிதையை நான் எழுதுவேன், நின்று சொல்வேன், தாளைப் பார்க்கமாட்டேன். சபீனா அதை உடம்பால் சொல்வாள். பலமனேர்க்காரி, பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், எலும்பே இல்லாத மாதிரி வளைவாள். அஷ்வின் கீபோர்டு. ஊர் கும்மிடிப்பூண்டி, வேலை ஸ்ரீசிட்டியில், ஷிப்டு முடிந்தால் தூங்காமல் இங்கே ஓடி வருகிற பைத்தியம். நான் திருப்பதியில் ஒரு லேபில் ரத்தம் எடுப்பவள். வேலையே ஊசி குத்துவது, வாயால் சமாளிப்பது.

இந்தத் தடவை கவிதை ஒரு கல்யாணத்தைப் பற்றி. என் கல்யாணம்தான். நடக்காத கல்யாணம். அதற்கு அஷ்வின் போனிலிருந்து ஒரு மேளம் எடுத்துப் போட்டான். காலி பிஸ்கட் டப்பாவைத் தட்டியது போல இருந்தது. நிஜ மேளம் வேண்டும். கத்துவதற்கு ஓர் இடமும் வேண்டும்.

ஜூன் 26, வியாழன்

ஊசி என்றாலே நடுங்குகிற ஒரு பெரியவர். கவனத்தைத் திருப்ப, புதுக் கவிதையில் நாலு வரி சொல்லிக்கொண்டே எடுத்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஆச்சாம்மா?" என்றார். எடுத்தாச்சு என்றேன். "அது இல்ல, கவிதை" என்றார். இந்த ஊரில் எனக்கு இப்படித்தான் ரசிகர்கள்.

ஜூன் 29, ஞாயிறு

இடம் கிடைத்தாயிற்று! திருச்சானூரில் ரங்கையா காருவின் கல்யாண மண்டபம். சபீனாவிடம் படிக்கிற பிள்ளையின் தாத்தா. "ஆஷாடம் அம்மா, பெள்ளி எதுவும் கிடையாது, ஹால் சும்மாதான் கிடக்கு. ஆடிக்கோங்க, பாடிக்கோங்க, பெருக்கிட்டுப் போங்க" என்றார். கல்யாணம் இல்லாத மாசம் முடிவதற்குள் நிகழ்ச்சியையும் இங்கேயே வைத்துக்கொள்கிறோம் என்றோம். "அலாகே, அப்படியே ஆகட்டும்" என்று தலையாட்டினார். ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது சபீனா என்னைக் கட்டிப்பிடித்துக் கத்தியதில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

மேளக்காரரும் அதே ஆஷாடத்தின் புண்ணியம்தான். நகரி முனியப்பன். சீசனில் அவரைப் பிடிக்கவே முடியாதாம். இப்போது வேலையில்லாமல் கை ஊறிக் கிடக்கிறது. தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது. நான் சொல்ல, சபீனா அசைய, அவர் மெல்ல உருட்ட –

பட்டு கட்டினாங்க, நின்னேன்.
பூ வெச்சாங்க, நின்னேன்.
தலையக் குனின்னாங்க, குனிஞ்சேன்.
தரையில ஒரு எறும்பு போச்சு.
அதுக்கு மட்டும் எங்க போறோம்னு தெரிஞ்சுது.

அடுத்தது ஒரு விரலைத் தூக்கி, "ஒரு நிமிஷம்" என்று சொல்ல வேண்டும். தூக்கினேன். அவ்வளவுதான். மண்டபமே இடிந்து விழுகிற மாதிரி கெட்டி மேளம்! அஷ்வின் காதைப் பொத்திக்கொண்டான். நான் வாயைத் திறந்து என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்கவில்லை.

"என்னண்ணா இது?" என்றேன்.

"இன்னா பாப்பா என்னைக் கேக்கற? வெரலக் காட்டினியே!" என்றார். விரல் தூக்கினால் கெட்டி மேளம். முப்பது வருஷப் பழக்கமாம். கண் பார்த்ததும் கை அடித்துவிடுகிறது, நடுவில் மூளைக்கு வேலையே இல்லை.

மறுபடி. விரல். டமடமடம. மறுபடி. டமடமடம. நாலாவது தடவை கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னேன். சபீனா தற்செயலாக முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினாள். டமடமடம.

ஜூலை 2, புதன்

இன்று லேபில் ஒருவர் விரலை நீட்டி, "இந்த விரலில்தான் குத்துவீங்களா?" என்று கேட்டார். எனக்குக் காதில் மேளம் கேட்டது.

ஜூலை 6, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுதவேண்டும்.

ஒத்திகை நடுவில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். முனியப்பண்ணா என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாப்பா, நீ பாலசமுத்திரம் வேங்கடாசலம் பொண்ணு தானே? மணவறையில இருந்து எழுந்து போயி பந்தியில உக்காந்துக்கினியே, அந்தப் பொண்ணு தானே?"

டீ மூக்கில் ஏறிவிட்டது. நகரி மண்டபம், இரண்டு வருஷம் முன்னால், ஆவணி முகூர்த்தம். அன்றைக்கு அடித்தவர் இவர்தானாம்.

அன்று நடந்தது இதுதான். மாப்பிள்ளை என் காதருகே குனிந்து, சிரித்துக்கொண்டே சொன்னான்: "உன் லேபுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிட்டேன், இனிமே நீ வரமாட்டேன்னு. உனக்கு ஒரு வேலை மிச்சம்." பரிசு கொடுக்கிறவன் முகம் அவனுக்கு. நான் கையைத் தூக்கி, "ஒரு நிமிஷம். எனக்கு வேணாம்" என்றேன். மேளம் காதைப் பிளந்தது. அட்சதை விழுந்தது. தாலி இன்னும் தட்டில்தான் இருந்தது. மறுபடி சொன்னேன். பக்கத்தில் நின்ற அம்மாவுக்கே கேட்கவில்லை. எழுந்து, மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு நடந்தேன். எங்கே போவது என்று தெரியவில்லை. பந்தியில் இலை போட்டிருந்தது, உட்கார்ந்துவிட்டேன். பரிமாறுகிறவன் பொங்கலை வைத்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான். பசி வேறு. சாப்பிட்டேன்.

அபசகுனமான வார்த்தை காதில் விழக்கூடாது என்று அந்த ஐயர்தான் மேளத்துக்குக் கை காட்டி என் வாயை அடைத்தார் என்று இரண்டு வருஷமாக அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். எத்தனை திட்டு! முனியப்பண்ணா அமைதியாகச் சொல்கிறார்: "ஐயர் எங்க கைய தூக்கினாரு? அவரு பாட்டுக்கு மந்திரம் சொல்லிக்கினு இருந்தாரு. வெரலத் தூக்கனது நீ. மணப்பொண்ணே காட்டுதே, முகூர்த்தம் போயிக்கினு இருக்குது போலன்னு நானும் அடிச்சேன் பாரு ஒரு அடி!"

அதாவது என் வாயை அடைத்தது நானே. சபீனா சிரித்துச் சிரித்துத் தரையில் உருண்டாள். ஐயரே, மன்னித்துவிடுங்கள்.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு நைனா எனக்கு நாலு முழ தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் கேட்கவில்லை. என்னைத் திட்டியதில்லை, அடித்ததில்லை. ஒரே ஒரு வார்த்தைதான், இரண்டு வருஷமாக: "வாயத் தொறந்து சொல்லியிருந்தா நானே நிறுத்தியிருப்பேனே." சொன்னேன் நைனா என்றால் நம்புவதில்லை. தகப்பனை நம்பாத பெண் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டார். அதற்குப் பிறகு என்னிடம் பேச்சு எல்லாம் சாப்பிட்டியா, பஸ் கிடைச்சுதா, அவ்வளவுதான்.

கவிதை யாருக்கு என்று சபீனா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வேறு யாருக்கு? அந்த ஒரு வார்த்தை அவர் காதில் விழவேண்டும். நான் சொன்னேன் என்று அவருக்குத் தெரியவேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

முனியப்பண்ணாவின் கையைக் கட்டிப்போட வழியில்லை, பேசாமல் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று சபீனா சொன்னாள். சரியான மூளை இவளுக்கு! நான் விரலைத் தூக்கி அந்த வார்த்தையைச் சொல்லும்போது மேளம் மூடட்டும். மறுபடி சொல்லும்போதும் மூடட்டும். பிறகு மேளம் நிற்க, மூன்றாவது தடவை வெறும் குரல்.

"அது மட்டும் ஆவாது" என்றார் முனியப்பண்ணா. கெட்டி மேளத்தை அடிக்கிறவன் தானாக நிறுத்தக்கூடாதாம். யாராவது கை காட்ட வேண்டும். "யாரு காட்டணும்ணா?" "ஐயரு காட்டலாம். இல்லாட்டி பொண்ணு வூட்டுல பெரியவங்க. நானா நிறுத்தினா நாளைக்கு எவன் என்னை முகூர்த்தத்துக்குக் கூப்புடுவான்?"

கடைசியில் சபீனா கை இறக்கினால் நிறுத்துவதாக ஒப்புக்கொண்டார். "இந்தப் பொண்ணு பெரியவங்களா?" என்று அஷ்வின் கேட்டான். பி.டி. டீச்சர் என்றதும் முனியப்பண்ணா சமாதானமாகிவிட்டார்.

குழுவுக்குப் பெயரும் வைத்தாயிற்று: நாலு பேர். நாலு பேர் என்ன சொல்வாங்க என்று கேட்கிறார்களே, வந்து கேட்டுக்கொள்ளட்டும். தேதி ஆகஸ்ட் பத்து. ஆடி முடிவதற்குள்.

ஜூலை 20, ஞாயிறு

பாலசமுத்திரம். தோப்பில் மாங்காய் எல்லாம் இறக்கியாகிவிட்டது. நைனா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து காலண்டர் தாளில் காது குடைந்துகொண்டிருந்தார். சாப்பிட்டியா என்றார். சாப்பிட்டேன் என்றேன். பஸ் கிடைச்சுதா என்றார். கிடைத்தது என்றேன்.

"பத்தாம் தேதி திருச்சானூர்ல ஒரு நிகழ்ச்சி. நான் பேசறேன். வரீங்களா?"

"இன்னா பேசுவ?"

"கல்யாணத்தன்னிக்கு நடந்தது."

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். நைனா காலண்டர் தாளைக் கசக்கி எறிந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல, ஊருக்குச் சொல்லப் போறியா?" என்றார். எனக்கும் சுர்ரென்று வந்துவிட்டது. சொன்னேன், உங்களுக்குத்தான் கேக்கல, எத்தன தடவ சொல்றது, அந்த மேளக்காரரே சாட்சி, வேணும்னா கேட்டுப் பாருங்க – கத்தினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோப்புக்குள் போய்விட்டார். "துன்னுட்டாவது போயேன்டி" என்று அம்மா பின்னாலேயே வந்தாள். துன்னாமலே பஸ் ஏறிவிட்டேன். புத்தூர் வரை பசி, அதற்குப் பிறகு அழுகை. கோபம் வந்தால் சாப்பாட்டை விடுகிற புத்தி எனக்கு எப்போது வந்தது? அன்றைக்கு மட்டும் பொங்கல் துன்னேனே!

ஜூலை 25, வெள்ளி

போச்சு. எல்லாம் போச்சு.

காலையில் ரங்கையா காரு போன். பத்தாம் தேதி மண்டபத்தில் கல்யாணமாம்! ஆடியில் யாருங்க கல்யாணம் வைப்பாங்க என்றேன். அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. "மீ ஆடி மீதி, மா ஸ்ராவணம் மாதி அம்மா!" உங்க ஆடி உங்களோடது, எங்க ஸ்ராவணம் எங்களோடது. ஆஷாடம் நேற்றோடு முடிந்துவிட்டது. தெலுங்குக்காரர்களுக்கு இன்று ஸ்ராவணம் பிறந்து முகூர்த்தமும் திறந்துவிட்டது. நாங்கள் எங்கள் வீட்டுத் தமிழ்க் காலண்டரைப் பார்த்து, ஆகஸ்ட் பதினாறு வரை ஆடி, ஒரு கல்யாணமும் இல்லை என்று குறித்துக்கொண்டோம். பிறந்ததிலிருந்து இந்தப் பக்கம் இருக்கிறேன், தெலுங்கில்தான் படித்தேன், இது கூடத் தெரியவில்லையே! தலையில் அடித்துக்கொண்டேன்.

முனியப்பண்ணாவுக்குப் போன் செய்தேன். "தெரியும் பாப்பா. அந்தக் கல்யாணத்துக்கு மேளமே நான்தான்" என்கிறார்! எங்கள் நிகழ்ச்சி அதே நாள் என்று அவருக்கு உறைக்கவில்லையாம். கல்யாணத்தைத் தேதியாக எழுதிக்கொண்டார், எங்களை ஞாயிற்றுக்கிழமையாக ஞாபகம் வைத்திருந்தார்.

அழைப்பு வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் போய்விட்டது.

ஜூலை 27, ஞாயிறு

நேரில் போனோம். முகூர்த்தம் காலையிலாம். மத்தியானப் பந்தி முடிந்தால் கூட்டம் கிளம்பிவிடும். "சாயங்காலம் ஹால் மீதே, உங்களோடதுதான்" என்றார் ரங்கையா காரு. நாங்கள் குதித்தோம். வாசல் வரை வந்து இன்னொன்று சொன்னார்: அலங்காரத்தை மட்டும் தொடக்கூடாது. அலங்காரக்காரன் மறுநாள் காலையில்தான் வந்து பிரிப்பான். மணவறை, பூ, வாழைமரம், அந்த இரண்டு பெரிய நாற்காலி, எல்லாம் மேடையில் அப்படியே இருக்கும்.

"இதுக்குமேல என்னடி வேணும்? செட்டு போட்டுக் குடுக்கறாங்க!" என்றாள் சபீனா.

என்னால் ஆகாது என்றேன். மறுபடி அந்தப் பூவாசனை, அந்த நாற்காலி. ஏன் ஆகாது என்றாள். ஆகாதுன்னா ஆகாதுடி, உனக்கென்ன, உருண்டுட்டுப் போய்டுவ, நிக்கப் போறது நான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நான் நிற்கும்போது எல்லா வரியிலும் அவள் என் காலடியில்தான் கிடக்கிறாள் என்று மட்டும் சொன்னாள். அது உண்மைதான். சரி என்றுவிட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அம்மா போன். நைனா வருகிறாராம். என்ன சொல்லிக் கூட்டி வருகிறாய் என்றேன். "நான் ஒண்ணும் சொல்லல. வெள்ளச் சட்டைய அவரே தொவச்சுப் போட்டாரு" என்றாள்.

வருவாரா வரமாட்டாரா என்று பயந்துகொண்டிருந்தேன். இப்போது வருகிறாரே என்று பயம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வரலட்சுமி விரதம். விரதத்தன்று ரத்தம் கொடுக்க யார் வருவார்கள்? லேபில் ஈ ஓட்டினேன். எக்ஸ்ரே அறைக் கண்ணாடி முன்னால் நின்று அந்த ஒரு வரியை மட்டும் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி வருகிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்

லேபுக்கு லீவு சொல்லிவிட்டேன். தொண்டை கட்டிக்கொண்டது. எழுதத்தான் முடியும், எழுதுகிறேன்.

நேற்று நாங்கள் போனபோது கல்யாணக் கூட்டம் கலையவே இல்லை. மத்தியானச் சாப்பாடு அப்படி. பாதிப் பேர் நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார்கள். பாட்டுக் கச்சேரி என்று யாரோ சொல்லிவிட்டதால் கிளம்பாமல் உட்கார்ந்துவிட்டார்கள் வேறு. எங்கள் அழைப்பைப் பார்த்து வந்தவர்கள் கொஞ்சம்தான். கல்யாணத்துக்கு வந்தவர்கள் நிறைய. முனியப்பண்ணா காலையிலிருந்து அடித்து, விருந்து சாப்பிட்டு, வெற்றிலையோடு தயாராக இருந்தார். "கை நல்லா சூடா இருக்குது பாப்பா, கவலப்படாத."

நைனாவும் அம்மாவும் கடைசி வரிசையில், பந்திக்குப் போகிற கதவுக்குப் பக்கத்தில். வெள்ளைச் சட்டை. யாரோ கல்யாணக்காரர் என்று நினைத்து அவர் கையில் ஒரு தாம்பூலப் பையைக் கொடுத்திருக்கிறார்கள். மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஆரம்பித்தோம். அஷ்வின் ஒற்றை சுரத்தைப் பிடித்துக்கொண்டான். பட்டு கட்டினாங்க, நின்னேன். சபீனா பத்துப் பேருடைய கைகளாக என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். புடவை கட்டுகிற கை, பூ வைக்கிற கை, தலையை அழுத்துகிற கை. எறும்பு வரியில் கூட்டம் சிரித்தது. தமிழ் தெரியாதவர்களும் அவள் எறும்பானதைப் பார்த்துச் சிரித்தார்கள். என் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. பூவாசனை வந்தது. வந்தால் வரட்டும் என்றிருந்தது.

விரலைத் தூக்கினேன். மேளம் காதைப் பிளந்தது. "எனக்கு வேணாம்." வாய் மட்டும்தான் அசைந்தது. முன்வரிசையில் இரண்டு கிழவிகள் பழக்கதோஷத்தில் கை தூக்கி இல்லாத அட்சதையைப் போட்டார்கள்! ஒத்திகையில் இது இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டாம் தடவை. "எனக்கு வேணாம்." மேளம் இன்னும் ஏறியது. சபீனா தரையிலிருந்து மெல்ல எழ ஆரம்பித்தாள். அவள் முழுக்க எழுந்து நின்று கையை இறக்க வேண்டும், அப்போதுதான் –

"ஏய்! மேளத்த நிறுத்துங்கடா!"

கடைசி வரிசை. நைனா. தாம்பூலப் பை கீழே விழுந்து தேங்காய் உருள்கிறது. அவர் எழுந்து நின்று கையை வீசுகிறார். "நிறுத்துங்கடா! எம் பொண்ணு என்னமோ சொல்லிக்கினு இருக்குது! காது கேக்கல? நிறுத்து!"

முனியப்பண்ணா நிறுத்திவிட்டார். சபீனாவைப் பார்க்கவே இல்லை. பிறகு ஏன் என்று கேட்டதற்கு, "பொண்ணப் பெத்தவன் நிறுத்துன்னா நிறுத்தித்தானே ஆவணும்" என்றார்.

அப்படி ஓர் அமைதி. ஃபேன் சத்தம் கேட்டது. மூன்றாவது தடவை எல்லோரையும் பார்த்து, குரலை உயர்த்திச் சொல்ல வேண்டும் என்று ஒத்திகை. எதுவும் ஞாபகம் இல்லை. அவரைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னேன்.

"எனக்கு வேணாம் நைனா."

கவிதையில் நைனா கிடையாது.

அவர் கை இன்னும் காற்றிலேயே இருந்தது. "சரிம்மா" என்றார். "வேணாம்னா வேணாம். இவ்ளோதானே." பிறகுதான் எல்லோரும் திரும்பித் தன்னைப் பார்ப்பது தெரிந்து, குனிந்து நாற்காலிக்கடியில் தேங்காயைத் தேட ஆரம்பித்துவிட்டார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா, இன்னும் சொல்லமாட்டேன் என்கிறாள்.

கைதட்டல் எப்போது ஆரம்பித்தது என்று தெரியாது. நான் மேடையிலேயே, அந்தப் பெரிய நாற்காலியில், பொத்தென்று உட்கார்ந்து அழுதேன். அதுவும் நடிப்பு என்று நினைத்து அதற்கும் தட்டினார்கள்.

நான் கீழே இறங்கியதும் நைனா என்னிடம் வரவில்லை. நேராக முனியப்பண்ணாவிடம் போனார். "அன்னிக்கும் இப்படித்தான் சொல்லிச்சா?"

"இப்படியேதான்ணா. வெரலத் தூக்கி, ரெண்டு தடவ. நான்தான் அடிச்சுக்கினு இருந்தேனே, எப்படிக் கேக்கும்?"

நைனா தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் வந்து, "துன்னியா?" என்றார். பந்தியில் மீந்திருந்த புளியோதரையை இரண்டு பேரும் நின்றுகொண்டே துன்னோம். அவர் தன் பங்கிலிருந்த வேர்க்கடலையை எல்லாம் பொறுக்கி என் இலையில் போட்டார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நைனாவே போன் செய்தார். அவராகச் செய்து எத்தனை நாளாயிற்று! "அடுத்த தடவ எப்போ? எந்த எடத்துல கத்தணும்னு முன்னாடியே சொல்லிடு. முந்திக் கத்திட்டா நல்லா இருக்காது."

சிரிக்காமல் பதில் சொல்ல மிகவும் பாடுபட்டேன். சபீனா கையை இறக்குவதை விட அவர் கத்துவதுதான் நன்றாக இருக்கிறது என்று நாங்கள் நாலு பேரும் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டோம். குழுப் பெயரை மாற்ற வேண்டும் என்கிறான் அஷ்வின். அம்மா போனைப் பிடுங்கிச் சொன்னாள்: "தோப்புல போயி கத்திப் பாக்கறாருடி. காக்கா ஒண்ணு உக்கார மாட்டேங்குது."

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சித்தூரில் ஒரு கல்லூரி கூப்பிட்டிருக்கிறது. செப்டம்பர் பதினான்கு. மகாளய பட்சம், தமிழ்க் கல்யாணமும் இல்லை, தெலுங்குக் கல்யாணமும் இல்லை. இந்தத் தடவை இரண்டு காலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாயிற்று. முனியப்பண்ணாவிடம் தேதியாகவே எழுதச் சொன்னேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சித்தூரிலிருந்து திரும்பி வந்து, சாயங்கால டீயோடு எழுதுகிறேன்.

நைனாவுக்கு முதல் நாளே எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தோம். கடைசி வரிசை. இரண்டாம் தடவை நான் வாயசைத்ததும் எழுந்து கத்த வேண்டும். புதுச் சட்டை. அரை மணி முன்னாலேயே போய் உட்கார்ந்துவிட்டார்.

முதல் தடவை. மேளம். இரண்டாம் தடவை. மேளம். நைனா எழவில்லை. உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். மூன்றாம் தடவையும் வாயசைத்தேன். சபீனா தரையிலிருந்து, "உங்க நைனாவுக்கு என்னடி ஆச்சு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறாள். முனியப்பண்ணா வியர்வை வழிய அடித்துக்கொண்டே இருக்கிறார், கை காட்டாமல் நிறுத்தமாட்டாரே! நான் நாலாம் தடவை விரலைத் தூக்கினேன்.

நடுவில், மஞ்சள் சுடிதார் போட்ட ஒரு பெண் எழுந்துவிட்டாள். மாணவி. யாரென்றே தெரியாது. "மேளம் ஆபண்டி! ஆ அம்மாயி ஏதோ செப்புதோந்தி!" மேளத்தை நிறுத்துங்கள், அந்தப் பெண் ஏதோ சொல்கிறாள் என்று கத்துகிறாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி எழுந்தாள். பின்னால் இன்னும் நாலைந்து பேர். முனியப்பண்ணா என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், குச்சியைக் கீழே வைத்தார்.

சொன்னேன். நன்றாகவே சொன்னேன்.

முடிந்த பிறகு முனியப்பண்ணா கையைப் பிசைந்துகொண்டே நைனாவைப் பிடித்தார்: "இன்னாண்ணா, என்னைக் கொன்னுட்டியே!" நைனா சிரித்து மழுப்பிவிட்டார். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரும் தனியாக நின்றபோது நான் கேட்டேன். மறந்துட்டீங்களா நைனா? பயந்துட்டீங்களா? தோப்பில் அவ்வளவு பழகினீர்களே, ஏன் கத்தவில்லை?

அவர் என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"எனக்குத்தான் திருச்சானூர்லயே கேட்டுச்சேம்மா" என்றார். "கேட்டப்புறம் இன்னாத்துக்குக் கத்தறது?"